கைராசிக்காரி

அவருடைய உண்மையான பெயர் சம்பளப் பிரிவில் இருந்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும். வாசல் காவலாளியிலிருந்து மேல்மாடி இயக்குநர் வரை மற்ற எல்லோருக்கும் அவர் கைராசி அக்கா. வயது நாற்பத்தேழு. வேதியியலில் டிப்ளமோ. ஒரே ஆராய்ச்சி நிலையம், ஒரே தளம், பதினாறு வருட வேலை.

சிலிண்டர் மாற்றுவது, கரைசல் கலப்பது, கண்ணாடிச் சாமான்களைக் கழுவுவது, மாதிரி எடுப்பது, எடுத்ததை நேரம் போட்டுப் பதிவேட்டில் எழுதுவது. இவைதான் அவர் வேலை. எல்லாவற்றையும் ஒரு பிடிவாதத்தோடு செய்வார். கழுவிய குப்பியை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பார். ஒரு பொட்டுத் தெரிந்தாலும் மறுபடி குழாயடிக்குப் போய்விடுவார். "சுத்தம் சோறு போடுமாக்கா?" என்று யாராவது சீண்டினால், "எனக்குப் போட்டுக்கிட்டுதானே இருக்கு" என்பார்.

அந்த அறையில் என்ன நடக்கிறது என்று அவருடைய உடன்பிறந்த அக்கா ஒருமுறை கேட்டாள். இவர் சொன்ன பதில் இது: "நாம விடற மூச்சுல, வண்டி விடற புகையில கரியமில வாயு இருக்குல்ல? அதை உப்புத்தண்ணிக்குள்ள குமிழியா விடுவோம். உள்ள ஒரு செம்புத் தகடு இருக்கும். அதுல கரண்ட் விட்டா வாயு வேற பொருளா மாறும். எரிபொருளா மாறலாம், அமிலமா மாறலாம்."

"மாறுதா?"

"கொஞ்சம் கொஞ்சம் மாறுது. நாங்களும் விடாம கரண்ட் விட்டுக்கிட்டேதான் இருக்கோம்."

கொஞ்சம்தான் மாறியது. டிபன் டப்பா அளவுள்ள கண்ணாடிக் கலத்தில் அந்த வேலை நடந்தது. எல்லோரும் அதைச் செல் என்றார்கள். கொடுத்த மின்சாரத்தில் பாதிக்கு மேல் தண்ணீரைப் பிளந்து ஹைட்ரஜனாக வெளியே போனது. மிச்சத்தில் ஃபார்மேட் என்ற உப்பு கிடைத்தது. தோல் பதனிடுகிறவர்களும் சாயப்பட்டறைக்காரர்களும் பயன்படுத்தும் அமிலத்தை அதிலிருந்து எடுக்கலாம். ஆனால் அந்த ஆய்வகத்தை நடத்திய பேராசிரியர் தேடியது எத்தனாலை, வண்டியில் ஊற்றி ஓட்டக்கூடிய ஆல்கஹாலை. ஐந்து வருடம் தேடினார். அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அந்த ஐந்தாவது வருடத்தில்தான் அக்காவின் வீட்டில் இடி விழுந்தது. கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஏணியில் நின்று வேலை செய்துகொண்டிருந்தவர் ஒருநாள் கால் வீங்கி இறங்கினார். பிறகு ஏறவே முடியவில்லை. இரண்டு சிறுநீரகமும் பழுது. அவருடைய தங்கை, அக்காவுக்கு நாத்தனார், எதுவும் யோசிக்காமல் தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தாள். அறுவை சிகிச்சை நன்றாக முடிந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "இனிமே கிருமிதான் அவருக்கு எதிரி. கிருமி வர்றது கை வழியாத்தான். உங்க கையைப் பாத்துக்கங்க, அவர் நல்லா இருப்பார்."

அக்கா பார்த்துக்கொண்டார். அன்றிலிருந்து கையில் சிறு சானிடைசர் பாட்டில் இல்லாமல் அவர் வாசல் தாண்டியதில்லை.

இரண்டு மாத விடுப்பு முடிந்து அவர் வேலைக்குத் திரும்பிய வாரம், செல்லில் ஆல்கஹால் வந்தது.

நம்பவே முடியவில்லை. மாதிரியைச் செலுத்தினால் அதில் என்னென்ன இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் கருவி ஒன்று அறையின் மூலையில் இருந்தது. அதன் திரையில் கோடு நேராக ஓடும். ஏதாவது பொருள் இருந்தால் அதற்குரிய இடத்தில் கூம்பாக எழும்பும். எத்தனாலுக்குரிய இடம் ஐந்து வருடமாக வெட்டவெளியாகக் கிடந்தது. அன்று அங்கே ஒரு கூம்பு எழும்பி நின்றது. பேராசிரியர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். சேர்ந்து இரண்டே மாதம் ஆகியிருந்த ஆய்வு மாணவி கைதட்டினாள். அவள் முனைவர் பட்டத்துக்கு எதைப் பிடிப்பது என்று தவித்துக்கொண்டிருந்த நேரம் அது. பட்டம் கூம்பு வடிவில் வந்து நின்றது.

மாணவி கெட்டிக்காரி. குருட்டு நம்பிக்கை வைக்கிற பெண் இல்லை. கரியமில வாயுவுக்குப் பதிலாக நைட்ரஜனை விட்டு அதே சோதனையைச் செய்தாள். வாயு இல்லாதபோதும் ஆல்கஹால் வந்தால் அது வேறு எங்கிருந்தோ வருகிறது என்று அர்த்தம். வரவில்லை. கோடு நேராக ஓடியது. மூன்று முறை செய்தாள், மூன்று முறையும் நேர்கோடு. வாரநாட்களில் செல்லுக்கு ஓய்வில்லை என்பதால் இந்தச் சோதனைகளை எல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில், தனியாக, தன் கையாலேயே செய்தாள். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

பிறகு ஒன்றைக் கவனித்தார்கள். அக்கா மாதிரி எடுத்தால் ஆல்கஹால் நன்றாக வந்தது. மாணவி எடுத்தால் வரவில்லை.

"நீ மூடியைத் திறந்து வச்சுக்கிட்டு ஊரைச் சுத்திட்டு வர்றே. ஆல்கஹால் ஆவியா ஓடிப்போகாம என்ன செய்யும்?" என்றார் பேராசிரியர். "அக்காவைப் பாரு. எவ்வளவு நேக்கா எடுக்கறாங்க. கை அப்படி."

"எனக்குக் கைராசி இல்ல சார், அவ்வளவுதான்" என்று மாணவி சிரித்தாள்.

அப்படி ஒட்டிக்கொண்டதுதான் அந்தப் பெயர். விளையாட்டாக வந்த பெயர் ஆறு மாதத்தில் விதியாகிவிட்டது. இனி மாதிரி எடுப்பது அக்கா மட்டும்தான் என்று பேராசிரியர் தாளில் அச்சடித்துக் கதவில் ஒட்டினார்.

இன்னொரு முரணும் இருந்தது. செலுத்திய மின்சாரம் எந்தெந்தப் பொருளாக மாறியது என்று கூட்டிப் பார்த்தால் நூறு சதவீதத்துக்குள் அடங்க வேண்டும். ஆழாக்கு அரிசி போட்டு உழக்கு மாவு எடுக்க முடியாது. இவர்களுக்கோ சில நாள் நூற்றிரண்டு வந்தது. ஒருமுறை நூற்றேழு வந்தது. "மீட்டர் கொஞ்சம் ஏத்திக் காட்டுது" என்றார் பேராசிரியர். மீட்டரை மாற்றினார்கள். வருடங்கள் ஓடின. ஆய்விதழில் கட்டுரை வந்தது. அதன் கடைசிப் பக்கத்தில், மாதிரிகளைத் துல்லியமாக எடுத்துத் தந்த தொழில்நுட்ப உதவியாளருக்கு நன்றி என்று ஒரு வரி, அதில் அவர் பெயர். கணவர் அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். வந்தவர் போனவரிடமெல்லாம், "நான் லிஃப்டை ஏத்தினேன், இவ நாட்டையே ஏத்தறா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கட்டுரை வந்து ஐந்தாவது மாதம் அக்காவின் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். அவளைப் பார்த்துக்கொள்ள அக்கா ஒன்பது நாள் ஊருக்குப் போனார்.

ஒன்பது நாளும் மாணவி மூடியை உடனுக்குடன் மூடித்தான் மாதிரி எடுத்தாள். செல்லில் ஒரு சொட்டு ஆல்கஹால் இல்லை.

மாணவி முதல் நாள் கரைசலை மாற்றினாள். இரண்டாம் நாள் சிலிண்டரை மாற்றினாள். பிறகு செம்புத் தகடு, சவ்வு, குழாய்கள் என்று ஒவ்வொன்றாக மாற்றினாள். தினம் அவள் அம்மா தொலைபேசியில் "எப்பம்மா முடியும்?" என்று கேட்பது வழக்கம், அந்த வாரம் அவள் அழைப்பை எடுக்கவே இல்லை. பேராசிரியர் மட்டும் பதறவில்லை. "கைராசி வரட்டும்" என்றார். பாதி கிண்டல், பாதி நிஜம்.

திங்கட்கிழமை காலை அக்கா வந்தார். மேலங்கி மாட்டினார், கையில் சானிடைசர் தேய்த்தார், கையுறை போட்டார், கையுறையின் மேலும் இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்துக்கொண்டார். மாணவி விடிந்ததும் வந்து எல்லாவற்றையும் தயார் செய்திருந்தாள். குமிழிகள் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன.

"ரெண்டு மணி நேரம் ஓடிருச்சுக்கா. எடுத்துடலாமா?"

வழக்கமாக அக்கா முதலில் மின்னோட்டத்தின் அளவைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதிவிட்டுத்தான் சிரிஞ்சைத் தொடுவார். அன்று சுற்றி ஏழு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். பக்கத்து ஆய்வகத்திலிருந்துகூட இரண்டு பேர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். அவர் நேராகச் சிரிஞ்சை எடுத்தார். மாதிரியைக் குப்பியில் விட்டு மூடிக் கருவியில் வைத்தார். நாலாவது நிமிடத்தில் கோடு நிமிர்ந்தது. வழக்கம்போல, நன்றாக, பளிச்சென்று ஒரு கூம்பு.

அறையே ஆர்ப்பரித்தது. மாணவி அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "உங்க கைக்குக் காப்பு செஞ்சு போடணும்கா!" என்று கத்திவிட்டு, பேராசிரியருக்குத் தகவல் சொல்ல நடைவழிக்கு ஓடினாள். மற்றவர்கள் டீ குடிக்கக் கிளம்பினார்கள். அக்கா சிரித்துக்கொண்டே பதிவேட்டைத் திறந்தார். நேரம் எழுதினார். மின்னோட்டத்தை எழுத மின்பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

சுழியம்.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. திரையில் பூஜ்யம், புள்ளி, மூன்று பூஜ்யங்கள். அந்தப் பெட்டியில் இரண்டு பொத்தான்கள். ஒன்று பெட்டியை உயிர்ப்பிக்கும், இன்னொன்று செல்லுக்கு மின்சாரத்தை அனுப்பும். ஒன்பது நாள் தூக்கமில்லாத பெண் முதல் பொத்தானை மட்டும் அழுத்தியிருக்கிறாள். இரண்டு மணி நேரமாகச் செல்லுக்குள் மின்சாரமே போகவில்லை.

அக்கா திரையைப் பார்த்தார். கூம்பைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். விஞ்ஞானி இல்லை என்றாலும் பதினாறு வருடம் அந்த அறையில் நின்றவர். அடுப்பு பற்ற வைக்காமல் உலை கொதித்தால், கொதிப்பது உலை இல்லை என்று அவருக்குத் தெரியும்.

பொத்தானை அவர் தொடவில்லை. வெறும் தண்ணீரை எடுத்தார். சுத்திகரித்து வடித்த, எதுவும் கலக்காத தண்ணீர். அதையே மாதிரிபோலக் குப்பியில் விட்டுக் கருவியில் வைத்தார். நாலாவது நிமிடத்தில் கூம்பு எழும்பியது.

பழக்கப்படி கையுறைமேல் மறுபடி இரண்டு சொட்டுத் தேய்த்துக்கொண்டார். குப்பி அழுக்காக இருக்கும் என்று பிரிக்காத பெட்டியிலிருந்து புதிய குப்பி எடுத்தார். கூம்பு. சிரிஞ்சை மாற்றினார். கூம்பு. ஒவ்வொரு முறையும் நாலு நிமிடம் அவர் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாற்றுவதற்கு இன்னும் ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

கையுறைகளைக் கழற்றினார். குழாயடியில் முழங்கை வரை கழுவித் துடைத்தார். வெறுங்கையால் தண்ணீர் எடுத்து வைத்தார்.

நேர்கோடு.

பையிலிருந்த சிறு பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தார். அதன் பின்புறம் பொடி எழுத்தில் எழுதியிருந்ததைப் படித்தார். எழுபது சதவீதம் எத்தனால். தினம் பத்துத் தடவை கையில் எடுத்த பாட்டில். ஒருமுறைகூட அந்தப் பக்கத்தைத் திருப்பிப் படித்ததில்லை.

அதற்குப் பிறகு செய்ததை யாரும் செய்யச் சொல்லவில்லை. அலமாரியைத் திறந்து பழைய பதிவேட்டைத் தேடி எடுத்தார். ஆல்கஹால் முதன்முதலாக வந்த பக்கத்தைப் புரட்டினார். திங்கட்கிழமை, மதியம் மூன்று பத்து. ஓரத்தில் அவர் கையெழுத்திலேயே 'இன்று வந்தது!!' என்று இரண்டு ஆச்சரியக்குறிகள். கணவரை மருத்துவமனையிலிருந்து அழைத்துவந்தது அதற்கு முந்தைய வியாழக்கிழமை. அந்தத் தேதி அவருக்கு யாரும் நினைவுபடுத்த வேண்டிய தேதி இல்லை.

அவர் அப்படியே நின்றார். மூன்று வருடம். முந்நூறு மாதிரிகளாவது இருக்கும். வாயு ஆல்கஹாலாக மாறவே இல்லை. செம்பு புதிதாக ஒன்றும் செய்யவில்லை. பேராசிரியரின் ஆல்கஹால், மாணவியின் பட்டம், ஆய்விதழின் கட்டுரை எல்லாமே தன் உள்ளங்கையிலிருந்து சொட்டியிருக்கிறது.

மாணவி குதித்துக்கொண்டே உள்ளே வந்தாள். "அக்கா, சார் இப்பத்தான் போனை எடுத்தார், கிளம்பிட்டார்! மீட்டிங்கைப் பாதியில விட்டுட்டு வர்றாராம். உங்களுக்கு..." அக்காவின் முகத்தைப் பார்த்ததும் பேச்சு நின்றது. "என்னாச்சுக்கா? வீட்டுல ஏதாவது...?"

அக்கா மின்பெட்டியைக் கை காட்டினார்.

மாணவி பார்த்தாள். "ஐயோ, ஆன் பண்ணலையா நான்?" என்று சிரிக்கப் பார்த்தாள். அடுத்த நொடியே சிரிப்பு உறைந்தது. "அப்போ... அது எப்படி வந்துச்சு?"

"என் கைதாம்மா."

"என்ன கை?"

அக்கா பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினார். ஆரம்பத்திலிருந்து சொன்னார். தண்ணீரில் வந்த கூம்பு, கழுவிய கையில் வராத கூம்பு, பதிவேட்டின் தேதி. மாணவி கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளிறியது.

"இல்லக்கா. இருக்காது. நான் நைட்ரஜன் வச்சுப் பாத்தேனே. வரலையே."

"அதை யார் எடுத்தது?"

"நான்தான்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகள் அத்தனையும் அவள் கண்ணில் ஓடியிருக்க வேண்டும்.

மாணவி பாட்டிலைப் பிடுங்கித் தன் கையில் ஊற்றித் தேய்த்தாள். தண்ணீரை எடுத்துக் கருவியில் வைத்தாள். இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மூன்று வருடத்தில் முதன்முறையாக மாணவி எடுத்த மாதிரியில் ஆல்கஹால் வந்தது. அக்கா எடுத்ததைவிட உயரமான கூம்பு.

அவள் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. "நீங்க ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாமேக்கா" என்றாள்.

"எதைம்மா? எனக்கே இப்பத்தானே தெரியும்."

"கையில இதைத் தேய்க்கறேன்னு."

"உன் முன்னாடிதானே தேய்ச்சேன். தினமும்."

ஏழு பேர் பார்த்தார்கள். அறையில் இருந்தவர்கள் மூன்று வருடம் பார்த்தார்கள். பார்த்துப் பார்த்தே ஒருவர் கண்ணிலும் படவில்லை.

பேராசிரியர் வாய் நிறையச் சிரிப்போடு கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். தரையில் உட்கார்ந்திருந்த மாணவியைப் பார்த்ததும் தயங்கினார். இந்தமுறை மாணவிதான் சொன்னாள், எழுந்திருக்காமலே, பாடம் ஒப்பிப்பதுபோல. பேராசிரியர் கேட்டு முடித்ததும் கருவிக்கு முன்னால் போய், அன்று காலையிலிருந்து எடுத்த கோடுகளை ஒவ்வொன்றாகத் திரையில் கொண்டுவந்து பார்த்தார். திரும்பவும் முதலிலிருந்து பார்த்தார்.

"நூத்தி ஏழு" என்றார்.

இருவருக்கும் புரியவில்லை.

"நூத்தி ஏழு சதவீதம் வந்துச்சே. போட்டதுக்கு மேல எப்படிடா எடுப்பேன்னு அன்னிக்கே என் மண்டையில நானே குட்டியிருக்கணும். மீட்டர் மேல பழியைப் போட்டேன்." சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றப் பார்த்தார். பேனாவைத் திரும்பப் பையிலேயே செருகிக்கொண்டார். பிறகு கேட்டார்: "இது வேற யாருக்குத் தெரியும்?"

அக்கா அவரையே பார்த்தார். பதினாறு வருடம் தெரிந்த மனிதர். ஒரு குப்பி உடைந்தால்கூட யார் உடைத்தது என்று கேட்காதவர். அவர் வாயிலிருந்தா இந்தக் கேள்வி? அவருடைய ஓய்வுக்கு இரண்டு வருடம்தான் இருந்தது. மாணவியும் தலையை நிமிர்த்தி அவரையே பார்த்தாள்.

"நம்ம மூணு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது சார்" என்றார் அக்கா.

பேராசிரியர் அந்தச் சிறு பாட்டிலை எடுத்துப் பின்புறத்துப் பொடி எழுத்தைப் படித்தார். அதைக் கீழே வைத்துவிட்டு, "அப்போ நான் உடனே மாடிக்குப் போகணும்" என்றார். "இயக்குநர் இதை என் வாயாலதான் கேக்கணும். வேற யார் மூலமாவும் போயிடக் கூடாது." கதவு வரை போனவர் திரும்பினார். "அந்தப் பதிவேட்டை எடுத்துக் குடுங்க. யாரும் எதையும் கழுவாதீங்க. எல்லாம் அப்படியே இருக்கட்டும்."

அன்று மாலை வீட்டில் அக்கா மேலங்கியைக்கூடக் கழற்றாமல் வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக் கணவர் பயந்துபோனார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு முதலில் சிரிப்பு வந்தது. "சானிடைசரா? மூணு வருஷமாவா?" என்று தொடையைத் தட்டினார். பிறகு அந்த மூன்று வருடம் எந்த நாளில் தொடங்கியது என்று அவருக்கும் புரிந்தது. சிரிப்பு அப்படியே அடங்கியது.

"அப்போ என்னாலதான்."

"உங்களால இல்லங்க. படிச்சுப் பாக்காத என் புத்தியால."

"அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சு?"

"திட்டக்கூட இல்ல. அதான் பயமா இருக்கு."

கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த சட்டத்தை அக்கா கழற்றி அலமாரிக்குள் வைத்தார். கணவர் தடுக்கவில்லை.

விசாரணைக் குழுவில் மூன்று பேர். அவர்களில் ஒருவருக்கு அக்கா சொன்னது ஏறவே இல்லை. "உங்களை யாராவது இப்படிச் சொல்லச் சொன்னாங்களா? பேராசிரியரைக் காப்பாத்த?" என்று வளைத்து வளைத்துக் கேட்டார். அக்காவுக்கு அதுவரை இருந்த பயமெல்லாம் போய்க் கோபம் வந்தது. பாட்டிலை எடுத்து அவர் முன்னால் வைத்தார். "நீங்களே கையில தேய்ச்சுக்கிட்டு வாங்க சார். தண்ணியில மாதிரி எடுங்க. ஆல்கஹால் வரலேன்னா நான் வேலையை விட்டுடறேன்." அந்த உறுப்பினர் வந்தார். எடுத்தார். வந்தது. அதன்பின் அவர் கேள்வியே கேட்கவில்லை.

கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தைப் பேராசிரியரே எழுதினார். தவறு மாதிரியில் கலந்த கை சுத்திகரிப்பானால் வந்தது, அதைக் கண்டுபிடித்தது எங்கள் தொழில்நுட்ப உதவியாளர், அதைத் தேடாமல் விட்ட பொறுப்பு என்னுடையது என்று மூன்றே வாக்கியங்கள். சிலர் அவரைப் பாராட்டினார்கள். பலர் அவர் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். சாப்பாட்டு அறையில் யாராவது கை கழுவினால்கூட, "ஆல்கஹால் வருதா பாரு" என்றார்கள். அக்கா அங்கே போவதை நிறுத்திவிட்டார். மாதிரி எடுக்க இப்போது ஒரு தானியங்கி இயந்திரம் வந்திருந்தது. ஒவ்வொரு சோதனைக்கு முன்னும் மின்சாரம் விடாமல் ஒன்று, வாயு விடாமல் ஒன்று, வெறும் தண்ணீரில் ஒன்று என்று மூன்று ஓட்டங்களை அக்காதான் ஓட்டினார். அவருடைய ஓட்டங்கள் முடிந்து கையெழுத்து விழுந்த பிறகுதான் மற்றவர்கள் செல்லைத் தொடலாம்.

மாணவி ஆறு வாரம் வரவில்லை. வந்தபோது மெலிந்திருந்தாள். இனி ஃபார்மேட் போதும், எட்டு வருடமாக யாரும் மதிக்காமல் நிஜமாகவே வந்துகொண்டிருந்தது அது ஒன்றுதான் என்று பேராசிரியரிடம் சொல்லிவிட்டு முதல் பக்கத்திலிருந்து தொடங்கினாள். பட்டம் இரண்டு வருடம் தள்ளிப்போனது. அக்காவோடு அவள் சண்டை போடவில்லை. ஆனால் 'அக்கா' என்று கூப்பிட்டவள் இப்போது 'மேடம்' என்று கூப்பிட்டாள். அந்த ஒரு சொல் குழுவின் கேள்விகளைவிட அக்காவைச் சுட்டது.

கடிதம் அச்சாகி ஒரு மாதம் இருக்கும். ஒருநாள் காலை ஆய்வகத் தொலைபேசி ஒலித்தது. அக்கா எடுத்தார். மறுமுனையில் முன்பின் தெரியாத ஓர் ஆண்குரல்.

"அந்த எத்தனால் கட்டுரை வந்த லேப் இதானுங்களா?"

"ஆமா. சார் இல்லையே."

"சார் வேண்டாம். அதைக் கண்டுபிடிச்ச டெக்னீஷியன் ஒருத்தர் இருக்காங்களாமே, அவங்களோட பேச முடியுமா?"

"நான்தான். சொல்லுங்க."

அந்த ஆள் சொன்னான். அவன் வேறு ஊரில் ஓர் ஆய்வு மாணவன். இவர்கள் கட்டுரையைப் பார்த்து அதே செம்பு, அதே கரைசல், அதே மின்சாரம் வைத்து மாதக்கணக்கில் முயன்றிருக்கிறான். ஆல்கஹால் வரவே இல்லை. அங்கேயிருந்த மற்றவர்கள், கட்டுரையில் வந்ததைச் செய்யத் தெரியவில்லை என்று அவனைக் குறை சொல்லியிருக்கிறார்கள். அவனுடைய வழிகாட்டி அவனை அந்த வேலையிலிருந்தே எடுத்துவிட்டார்.

அக்கா தொலைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். தான் செய்தது அந்த ஓர் அறைக்குள் நடந்த தவறு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தார். சுவருக்கு வெளியே, முகமே தெரியாத ஒருவன் மாதக்கணக்கில் ஒவ்வொரு காலையும் கூம்புக்காகத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான் என்பது அவருக்குத் தோன்றியதே இல்லை.

"என்னை மன்னிச்சுடுங்க தம்பி" என்றார்.

"ஐயோ, திட்டறதுக்குக் கூப்பிடலங்க. நான் சரியாத்தான் பண்ணியிருக்கேன், இல்லையா? அதை யாராவது ஒருத்தர் வாயால கேக்கணும்னு இருந்துச்சு. அவ்வளவுதான்."

"சரியாத்தான் பண்ணியிருக்கீங்க. வராததுதான் சரி."

அந்தப் பக்கம் அவன் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, "எந்த கம்பெனி சானிடைசருங்க?" என்று கேட்டுச் சிரித்தான். அக்காவால் சிரிக்க முடியவில்லை.

திரும்பிப் பார்த்தபோது மாணவி வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு கேட்டாள் என்று தெரியவில்லை. "யாரு?" என்றாள்.

அக்கா சொன்னார். மாணவி கை நீட்டித் தொலைபேசியை வாங்கினாள். "ஒரு நிமிஷம், வச்சுடாதீங்க" என்று அதில் சொல்லிவிட்டு, நீண்ட கம்பியை இழுத்துக்கொண்டு பக்கத்துச் சிறு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

அக்கா மூன்று ஓட்டங்களையும் முடித்தார். மூன்றும் நேர்கோடு. கையெழுத்துப் போட்டார். கதவு திறக்கவில்லை. இன்னொரு மணி நேரம் ஆகியும் திறக்கவில்லை. உள்ளே மாணவியின் குரல் ஏறியும் இறங்கியும் கேட்டுக்கொண்டிருந்தது. குப்பித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அக்கா கதவுக்கு வெளியே நின்றார். உள்ளே அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அங்கிருந்து சொல்ல முடியவில்லை.